பாதிவரை போட்ட பாதை

ஜெபமலரை அடித்தவர்கள் யாரும் சும்மா போனதில்லை. கல்யாணமான புதிதில் வன்னியராஜ் குடித்துவிட்டு வந்து அடிப்பான். கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து முடியைப் பிடித்து இழுத்தான். கையிலிருந்த இரும்பு அகப்பையோடு திரும்பி ஒரு போடு போட்டாள். முன்பல் தெறித்து அடுப்படியில் விழுந்தது. அன்றோடு அவன் கை அடங்கியது. பிறகு குடியும் மெல்லக் குறைந்தது. "பல்லோட சேத்து பேயும் போயிட்டு" என்று அவனே ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

இருவரும் திசையன்விளைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். அவனுக்குக் கான்கிரீட் வேலை. அவள் முதலில் அவனோடு சித்தாளாக நின்றாள். பிறகு கரமனையில் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிற வேலை கிடைத்தது. பிள்ளைகள் அவளைக் 'கஞ்ஞிச் சேச்சி', கஞ்சி அக்கா, என்பார்கள். மகள் அனுஷா அதே பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு படித்தாள். வீட்டில் தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் மலையாளத்துக்குத் தாவிவிடுவாள். தாய்க்குத் தெரியாத மலையாளம் ஒன்றுமில்லை என்றாலும், சண்டைக்கு அதுதான் வசதி என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் ரோடு குறுகலானது. பஸ்ஸும் லாரியும் அதிலேதான் போகும். ஓரத்தில் ஓடையை மூடியிருந்த ஸ்லாப்கள் பாதி உடைந்து வாயைப் பிளந்து கிடந்தன. மூடியிருந்த பாதியை அனீஷின் கடை பிடித்துக்கொண்டது. அனீஷ் டைல்ஸும் தண்ணீர்த் தொட்டியும் குளியலறைச் சாமான்களும் விற்கிறவன். கடைக்குள் இருந்த சரக்கைவிட ரோட்டில் இருந்த சரக்கு அதிகம். கறுப்புத் தொட்டிகள் வெள்ளைக் கோடுவரை வரிசையாக நிற்கும். பிள்ளைகள் அந்த இடத்தில் ரோட்டுக்குள் இறங்கி, தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஓரத்துக்கு ஏறுவார்கள்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. அனுஷா சைக்கிளில் முன்னால் போனாள். ஜெபமலர் காய்கறிப் பையோடு பின்னால் நடந்து வந்தாள். தொட்டிகளைச் சுற்ற அனுஷா ரோட்டுக்குள் ஒடித்தாள். பின்னால் வந்த டிப்பர் லாரியின் ஹாரன் ஒரு முறை அலறியது. அப்புறம் சைக்கிள் நொறுங்கும் சத்தம்.

ஜெபமலர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது லாரியின் முன்சக்கரம் அனுஷாவின் இடது கால்மேல் நின்றுகொண்டிருந்தது. பிள்ளை கத்தவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். மழைத் தண்ணீர் சிவந்து ஓடைக்குள் போனது. யாரோ லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். லாரி பின்னால் நகர்ந்ததும்தான் அனுஷாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்ட பிறகு ஜெபமலருக்குக் கண் தெரியவில்லை.

கதவைத் திறந்து டிரைவரைக் கீழே இழுத்தது அவள்தான். இருபத்தைந்து வயது இருக்கும், மீசை சரியாக முளைக்காத முகம். நொறுங்கிய சைக்கிளிலிருந்து தெறித்துக் கிடந்த இரும்புத் துண்டை எடுத்து அந்த முகத்தில் அடித்தாள். அடி விழுந்ததும் அவன், "யம்மா, அடிக்காதிய!" என்று தமிழில் அலறினான்.

அவள் கை ஒரு கணம் நின்றது. ஆனால் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பைக்கை நிறுத்திவிட்டு வந்தவர்கள் ஹெல்மெட்டால் அடித்தார்கள். கடையிலிருந்து ஓடி வந்தவர்கள் மிதித்தார்கள். ஒருவன் ஸ்லாப் துண்டைத் தூக்கி அவன் முகத்தில் போட்டான். தொட்டிகளுக்கு நடுவே நின்று அனீஷும், "அடிக்கெடா அவனெ!" என்று கூவினான். ஜெபமலர் அதற்கெல்லாம் நிற்கவில்லை. மகளை அள்ளிக்கொண்டு ஒரு ஆட்டோவில் விழுந்தாள்.

அனுஷாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதே ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் அந்த டிரைவர் கிடந்தான். பெயர் செல்வகணேஷ், ஊர் அம்பாசமுத்திரம். வலது கண் போய்விட்டது. இதை வன்னியராஜ்தான் வந்து சொன்னான்.

"செத்தா சாவட்டும்" என்றாள் ஜெபமலர்.

"சாவமாட்டான். ஒத்தக் கண்ணோட கெடக்கான். அவன் ஆத்தா ஊருலருந்து வந்து தரையில உக்காந்து அழுவுது."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு அந்தப் பகுதி மக்களைக் கூப்பிட்டு வார்டு சபை நடந்தது; ஜெபமலரும் போயிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்தும் சைக்கிளிலும் வருகிற பிள்ளைகளுக்குத் தனிப் பாதை போட மாநகராட்சித் திட்டத்தில் பணம் ஒதுக்க வேண்டும் என்று கவுன்சிலர் ஷீனா பேச்சை எடுத்தார். ஷீனா நடுத்தர வயதுக்காரர், குரல் உயர்த்தாமல் பேசுகிறவர். ரோட்டின் ஒரு பக்கத்தில் மேடை கட்டி நடைபாதை, அதை ஒட்டி இரும்புக் குட்டைத்தூண்கள் நட்டு சைக்கிள் பாதை. கடைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த முடியாவிட்டால் யார் வருவார்கள் என்று கேட்டார்கள். அரசாங்கப் பணத்தை எடுத்து எங்கள் வயிற்றில் அடிப்பதா என்றார்கள். அனீஷ் எல்லாரையும்விட உரக்கப் பேசினான்.

"அந்த ஆக்சிடென்டுக்கு ரோடு காரணமில்ல. டிரைவர்தான் காரணம். ஏதோ பாண்டிப் பையன். லைசென்ஸ் உண்டோ என்னமோ!" தமிழர்களை அங்கே இளக்காரமாகச் சொல்லும் பேர் பாண்டி.

அப்போதுதான் வாசலில் நின்ற ஆளை ஜெபமலர் பார்த்தாள். வலது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. ஷீனா கூப்பிட்டனுப்பி செல்வகணேஷ் வந்திருந்தான். மெல்ல உள்ளே வந்தான்.

"லைசென்ஸ் உண்டு சார். ஸ்கூல் நேரத்துல லாரி எடுக்கக் கூடாதுன்னு மொதலாளிக்கிட்ட சொன்னேன், கேக்கல. எடுத்தது என் தப்புதான். ஆனா அந்தப் புள்ள ஓரமாத்தான் வந்துச்சு. இவரு தொட்டி கோடுவர நின்னதாலதான் நடு ரோட்டுக்கு வந்துச்சு. நா எங்க ஒடிப்பேன்?"

பேசி முடிக்கவில்லை. அனீஷோடு வந்த தடியன் ஒருவன் ஸ்டீல் நாற்காலியை மடக்கி ஓங்கினான். செல்வகணேஷுக்கு அந்தப் பக்கம் கண் கிடையாது. ஓங்கியதை அவன் பார்க்கவே இல்லை. ஜெபமலர் குறுக்கே பாய்ந்தாள். நாற்காலி அவள் தோளில் இறங்கியது. எலும்பு மளுக்கென்றது. விழுந்த வேகத்தில் அந்தத் தடியனின் கையை எட்டிப் பிடித்துக் கடித்தாள், வாயில் ரத்தம் கரிக்கும்வரை விடவில்லை. மேஜை கவிழ்ந்தது. நாற்காலிகள் பறந்தன. ஷீனாவின் நெற்றி கிழிந்தது. போலீஸ் வந்து எல்லாரையும் பிரித்தபோது ஜெபமலரும் செல்வகணேஷும் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, அன்னைக்கி மொத அடி அடிச்சது நீங்கதான்" என்றான் அவன்.

"ஆமா."

"உங்க புள்ள எப்படி இருக்கு?"

அவளால் அடக்க முடியவில்லை. கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள்.

நெற்றியில் தையலோடு ஷீனா மாநகராட்சிக்கு நடையாய் நடந்து, பணம் ஒதுக்க வைத்துவிட்டார். அடுத்த டிசம்பரில் வேலை தொடங்கியது. ஓடைக்குப் புது ஸ்லாப் போட்டார்கள்; மேலே இண்டர்லாக் கல் பதித்தார்கள். அனீஷின் தொட்டிகளை மாநகராட்சி ஆட்கள் தூக்கிக் கொண்டுபோனார்கள். அனுஷா அப்போது செயற்கைக் கால் போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தாள். தாய்க்குத் தோள் கூடியிருந்தது, ஆனால் குண்டான் தூக்கும்போது வலி சுண்டி இழுக்கும்.

கடைக்கு முன்னால் குட்டைத்தூண்கள் நட்ட மறுநாள் காலை, பள்ளிக்கூடம் கூடுகிற நேரம். ஆர்ஷா என்ற ஆறாம் வகுப்புப் பிள்ளை சமையற்கட்டுக்குள் மூச்சிரைக்க ஓடி வந்து, "சேச்சி, அவங்க தூணப் பிடுங்குறாங்க!" என்றாள்.

ஜெபமலர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். அனீஷின் ஆட்கள் தூணில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிக்கப் வண்டியில் மாட்டியிருந்தார்கள். இருபக்கமும் பிள்ளைகள் பையோடு திகைத்து நின்றார்கள். வண்டி உறுமியது. ஈரம் காயாத கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு தூண் பிடுங்கிக்கொண்டு வந்து, தரையில் துள்ளிப் புரண்டு, ஒரு பையனின் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது. அடுத்த தூணுக்குக் கயிறு போட்டார்கள். ஜெபமலர் போய் அந்தத் தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"எந்தா சேச்சி, மாறி நில்லு!" என்றான் அனீஷ்.

"மாற மாட்டேன். இழுக்கணும்னா என்னையும் சேத்து இழு."

அவன் அவள் முடியைப் பிடித்துச் சுழற்றி இழுத்தான். அவள் கை விடவில்லை. ஒருவன் வயிற்றில் மிதித்தான். இன்னொருவன் பழைய தோளிலேயே குத்தினான். அந்தக் கை தானாகத் திறந்துகொண்டது. முகம் புதுக் கல்லில் மோதி உதடு பிளந்தது. அனீஷ் அவள் விலாவில் உதைத்துக்கொண்டே இருந்தான். பிள்ளைகள் வீறிட்டார்கள். யாரும் வரவில்லை. அன்று செல்வகணேஷை அடிக்க அத்தனை பேர் ஓடி வந்த ரோடு அது.

கல் பதிக்கிறவர்கள் விட்டுப்போன கடப்பாரை ஓரத்தில் கிடந்தது. அதன் குளிர்ச்சி கையில் பட்டதுதான் அவளுக்குத் தெரியும். முழங்காலில் எழுந்து, ஒரே வீச்சில் அனீஷின் வலது முட்டியில் இறக்கினாள். தேங்காய் உடைபடுகிற மாதிரி ஒரு சத்தம். அவன் விழுந்தான். அவள் இன்னொரு முறை ஓங்கினாள். தலைக்கு நேராக ஓங்கினாள். கீழே கிடந்தவனின் வாய் அனுஷாவின் வாய் மாதிரியே சத்தமில்லாமல் திறந்து திறந்து மூடியது. கடப்பாரையை ஓடைப் பக்கம் வீசினாள்.

போலீஸ் முதலில் கைது செய்தது அவளைத்தான். கொலை முயற்சி வழக்கு. உதைத்தவர்கள்மேலும் தூணைப் பிடுங்கியவர்கள்மேலும் சின்னச் சின்னப் பிரிவுகள். பெண்கள் சிறையில் படுத்திருக்கும்போது அந்த முட்டி உடைந்த சத்தம் காதில் கேட்கும். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே இனித்தது. அது தெரிந்து தன்னைப் பார்த்துத் தானே பயந்தாள்.

ஜாமீன் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: மறு உத்தரவு வரும்வரை அந்தப் போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. வீடு அந்த எல்லைக்குள்தான். பள்ளிக்கூட வேலையும் போய்விட்டது. அந்த எல்லைக்கு வெளியே, வலியசாலையில் சமையல் காண்டிராக்ட் நடத்துகிற விஜயலக்ஷ்மி மாமியிடம் போய் நின்றாள். பேப்பரில் படம் வந்த முகம் என்று மாமிக்குத் தெரிந்தது.

"யாரை அடிச்சே எதுக்கு அடிச்சேன்னு நேக்கு வேண்டாம். நூறு பேருக்குச் சமைக்கத் தெரியுமோன்னோ? இருந்துக்கோ" என்று பின்கட்டில் ஒரு அறையைத் திறந்துவிட்டாள்.

பாதை வேலை போலீஸ் காவலோடு நடந்து முடிந்தது. ஜெபமலர் அதைப் பார்க்கவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும் வன்னியராஜ். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பஸ்ஸில் வலியசாலைக்குக் கூட்டி வருவான். ஒரு ஞாயிறு அனுஷா வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "அம்மா, வெள்ளிக்கிழமை நான் சைக்கிள்லயாக்கும் போனேன்."

ஜெபமலர் மகளின் காலைப் பார்த்தாள். "ஏட்டி, ஒத்தக் காலுலயா?"

"ரெண்டு காலுலயும்தான். அது செயற்கைன்னா மிதிக்காதா? அப்பா பின்னாலயே ஓடி வந்துச்சு. பாவம், மூச்சு வாங்கிடுச்சு."

"லாரி?"

"அது பாட்டுக்கு அந்தப் பக்கம் போகும். நமக்குத் தனி வழிதானே."

தாய் மகளின் செயற்கைக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அது உயிருள்ளது போலத் தடவிக்கொண்டே இருந்தாள். வன்னியராஜ் எழுந்து வெளியே போய்விட்டான்.

நிபந்தனை தளர்ந்தபோது அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. வழக்கு இன்னும் முடியவில்லை. தண்டனை வந்தாலும் வரும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அனீஷ் ஊன்றுகோலோடு கோர்ட்டுக்கு வருகிறான். இருவரும் ஒரே வராந்தாவில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், பேசிக்கொள்வதில்லை. ஒரு முறை அவன் படி இறங்கத் தடுமாறியபோது அவளுக்குக் கை நீண்டது. அவன் பிடிக்கவில்லை. அவளும் இழுத்துக்கொண்டாள்.

நிபந்தனை தளர்ந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி, முதன்முறையாக அந்தப் பாதையில் நடந்தாள். கல்லெல்லாம் மழையில் கழுவிவிட்டது போல இருந்தது. ஒரு இடத்தில் யாரோ பைக்கை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அனீஷின் கடைக்கு முன்னால் நடக்கும்போது அவள் தலையைத் திருப்பவில்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியும் பாதை நீண்டது; கல்யாண மண்டபத்துக்குச் சற்று முன்னால் திடீரென்று நின்றுவிட்டது. மண்டபத்துக்காரர் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதற்கப்பால் பழைய ரோடுதான், பழைய உடைந்த ஸ்லாப்கள்தான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் ரோட்டில் இறங்கித்தான் வரவேண்டும்.

மேடையிலிருந்து கீழே இறங்கினாள். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு சேலையை உரசிப் போனது. ஜெபமலர் அதன் பின்னால் ரோடே கேட்க ஒரு கெட்ட வார்த்தையை வீசிவிட்டு, போனை எடுத்து ஷீனாவைக் கூப்பிட்டாள்.

"அடுத்த வார்டு சபை எப்பம்மா?"

ஷீனா தேதியைச் சொன்னார். "மண்டபத்துக்காரரும் ஆளோட வருவார், சேச்சி. உங்க கேஸ் வேற கிடக்கு. நீங்க வரணுமா?"

"வரணும்" என்றாள் ஜெபமலர்.