முதலில் வந்தவளின் குடம்

ஆய்வுத் திட்டம் எழுத மாதிரி ஒன்று கொடுங்கள் என்று மாணவர்கள் என்னிடம் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. மாதிரியைப் பார்த்து எழுதியவற்றை எத்தனையோ படித்தாகிவிட்டது. முதல் பத்தியில் உலகம், இரண்டாம் பத்தியில் இந்தியா, மூன்றாம் பத்தியில் தமிழகம் என்று வந்துகொண்டே இருக்கும். கேள்வி என்ன என்பது மட்டும் கடைசிவரை வராது. அப்படி வருகிறவர்களை உட்காரவைத்து முத்துலட்சுமியின் கதையைச் சொல்லி அனுப்புகிறேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. மீதிப் பேர் நன்றாக எழுதுகிறார்கள்.

முத்துலட்சுமி நான் பதிந்த அதே வருடம் ஆய்வுக்குப் பதிந்தவள். எங்கள் கல்லூரி அடையாறு பக்கம். என் வீடு மயிலாப்பூர். அவள் வீடு தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். கீழே அவள் அப்பா இசக்கிமுத்துவின் பாத்திரக்கடை, மாடியில் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் அது. எவர்சில்வர் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததாலோ என்னவோ, அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. நூலகத்தில் எங்கள் மேசையை நோக்கி யாராவது முறைத்தால் அதற்கு அவள்தான் காரணம். ‘ஒருவேளை’, ‘எனக்குத் தோன்றுகிறது’ என்றெல்லாம் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் கல்லில் வெட்டினதுபோல்தான் சொல்வாள்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருடம். ஏரிகள் வற்றி, ஊரே தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடந்த கோடை. முத்துலட்சுமி கொடுத்த முதல் திட்டத்தின் தலைப்பு ‘தமிழகத்தில் தண்ணீரும் பெண்களும்: ஒரு சமூகவியல் பார்வை’. அருவியாய்க் கொட்டியிருந்தாள். சங்க காலம் தொடங்கி மெட்ரோ வாட்டர் வரை எல்லாம் இருந்தது. ஆய்வுக் குழு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. ‘இது ஆய்வுத் திட்டம் அல்ல, தலையங்கம்’ என்று ஓரத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். எங்கள் கல்லூரி வழக்கப்படி இன்னொரு முறை கொடுக்கலாம். அதுவும் திரும்பினால் பதிவு ரத்து.

அவள் அப்பா கத்தவில்லை. “ரெண்டாவதும் திரும்பி வந்தா பேசாம கல்லாவுல வந்து உக்காந்துக்கட்டி, எனக்கும் கண்ணு சரியாத் தெரியமாட்டேங்கு” என்று மட்டும் சொன்னார். அவர் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். இப்படிச் சாந்தமாகச் சொன்னதில்தான் அவள் பயந்துபோனாள்.

அந்த வாரம் அவள் கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் பொதுவாகப் ‘பாத்திரம் காட்டுங்க’ என்பார்கள். கடைப்பையன்கள் எதையும் எடுக்காமல் ‘எதுக்குங்க, எத்தனை பேருக்குங்க?’ என்று கேட்பார்கள். அந்த இரண்டுக்கும் பதில் வந்த பிறகுதான் பரணில் ஏறுவார்கள். அடுத்த நாள் முத்துலட்சுமி என்னிடம் வந்து சொன்னாள்.

“நீரஜா, நான் எதுக்குன்னும் சொல்லலை, எத்தனை பேருக்குன்னும் சொல்லலை. கடையையே தூக்கிக் கொடுன்னு எழுதியிருக்கேன். திருப்பி அனுப்பாம என்ன செய்வாங்க?”

இரண்டாம் திட்டத்தில் தமிழகம் போய்விட்டது. சென்னைகூடப் போய்விட்டது. ஒரே ஒரு தெரு. கேள்வி இதுதான்: லாரித் தண்ணீர் ஒரு தெருவுக்கு வந்து சேர்ந்தபின், யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது, ஏன்? முந்தைய ஆய்வுகள் பகுதியில், முதலில் புத்தகம் புத்தகமாகச் சுருக்கம் எழுதி அடுக்கியிருந்தாள். “என்னடி, சுண்டல் விநியோகம் பண்ணிண்டிருக்கே, ஆளுக்கு ஒரு கரண்டியா?” என்று நான் கேட்டேன். கோபித்துக்கொண்டு போய், இரண்டு நாளில் வேறு மாதிரி எழுதிக் கொண்டுவந்தாள். ‘இவர்கள் எல்லோரும் ஊருக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்திருக்கிறார்கள். தெருவுக்கு வந்த தண்ணீர் எந்தக் குடத்தில் விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. நான் அதைப் பார்க்கப்போகிறேன்.’ மூன்றே வரியில் அந்தப் பகுதிக்கு உயிர் வந்துவிட்டது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கால அட்டவணையில்தான் சிக்கல். மழை வந்தால் வரிசை கலைந்துவிடும். ஊரே மழைக்கு வேண்டிக்கொண்டிருக்க, இவள் ஒருத்திதான் ஐப்பசிவரை வறட்சி நீடிக்க வேண்டுமே என்று கவலைப்பட்டாள். வெளியே சொன்னால் அடி விழும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

முறையியல் என்ற பகுதி நான்காம் பக்கத்தில் இருந்தது. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. லாரி வருமுன் தெருவில் குடங்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டுக் குடத்திலும் ஓர் அடையாளம் இருக்கும். ஒன்றில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு, ஒன்றில் கழுத்தில் கட்டிய துணி, ஒன்றில் பெயின்டில் எழுதிய எழுத்து. பாத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அது அவர்களுடையது, அவ்வளவுதான் என்பது கடைக்காரர் வீட்டு வேதம். ஆகவே அவள் மாடியில் நின்றபடி குடங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வாள். எது முன்னால், எது பின்னால், எது நிரம்பியது, எது வெறுமையாகத் திரும்பியது. குடத்தை எண்ணினால் வீட்டை எண்ணினதாகிவிடும். முன்னோட்டமாகத் தன் சொந்தச் சந்திலேயே பார்த்துவிட்டு முடிவையும் எழுதினாள்: தாமதமாக வருகிறவர்களுக்குத்தான் தண்ணீர் கிடைப்பதில்லை. வெளிறிய பச்சைக் குடங்கள் இரண்டு எப்போதும் கடைசியில் நின்றன. பல நாள் வெறுமையாகத் திரும்பின. யாரோ தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று கருதிக்கொண்டாள்.

எங்கள் வழிகாட்டி வெங்கடரமணன் சார் அதைப் படித்துவிட்டு, “எக்ஸலன்ட்!” என்று கையெழுத்துப் போட்டார். பிரதிகள் குழுவுக்குப் போய்விட்டன.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு, விருந்தாளி வந்திருக்கிறார்கள், வேலைக்காரியை இன்னொரு குடம் சேர்த்துப் பிடிக்கச் சொல் என்று அவள் அம்மா அனுப்பியதால் முத்துலட்சுமி கீழே இறங்கினாள். அதுவரை அவள் வரிசையை மேலிருந்துதான் பார்த்திருந்தாள். மேலிருந்து பார்த்தால் குடங்கள் தெரியும், கைகள் தெரியாது. கீழே நின்றபோது கைகள் தெரிந்தன. நகப்பூச்சுக் குடத்தையும், துணி கட்டியதையும், முத்துலட்சுமி வீட்டுக் குடங்களையும் ஒரே கை மாற்றி மாற்றிக் குழாயடியில் வைத்தது. அந்தச் சந்தில் நான்கு வீடுகளில் வேலை செய்கிற புஷ்பத்தின் கை. விடிவதற்குள் வந்து எல்லா வீட்டுக் குடங்களையும் முன்னால் வைத்துவிட்டு, தன்னுடையதைக் கடைசியில் வைத்திருந்தாள். வெளிறிய பச்சைக் குடங்கள் அவளுடையவை. அன்றும் அவை குழாயடிக்கு வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

“உன் குடம் ரொம்பலையே?” என்றாள் முத்துலட்சுமி.

“அதுக்கு இன்னாம்மா, எங்கனா பாத்துக்கலாம். நவுருமா, ஒங்க வூட்டுக்குத் தூக்கிக்கினு போவணும், ஆயிரம் வேலை கீது” என்று புஷ்பம் படியேறிப் போனாள்.

முத்துலட்சுமி நேராக என் வீட்டுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“முழுக்கத் தப்பு நீரஜா. தாமதமா வர்றவங்களுக்குக் கிடைக்கலைன்னு எழுதியிருக்கேன். முதல்ல வந்தவளுக்குத்தான் கிடைக்கலை.”

வெங்கடரமணன் சாரிடம் போனோம். நல்ல மனிதர், ஆனால் வம்பு வேண்டாதவர். “இப்போ எதையும் கிளறாதே. திட்டம்ங்கறது உள்ளே போற டிக்கெட். பாஸ் ஆகட்டும், அப்புறம் மாத்திக்கோ. எல்லாரும் அப்படித்தான் பண்றா” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நானும் அப்படித்தான் பாஸ் ஆனேன்.

“தப்புன்னு தெரிஞ்சே எப்படி சார் படிச்சுக் காட்டுவேன்?” என்றாள்.

“இது உனக்கு ரெண்டாவது தடவை. ஞாபகம் வெச்சுக்கோ.”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் வீட்டுக்குப் போய் நான்காம் பக்கத்தைத் திரும்ப எழுதினாள். அதோடு ஆறாம் பக்கத்தையும்.

கூட்டத்தில் பின்வரிசையில் ஆய்வு மாணவர்கள் உட்காரலாம். நான் போய் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கைசர் ஜஹான்தான் குழுத் தலைவர். ஒல்லியான, சிரிக்காத அம்மையார். முத்துலட்சுமி எழுந்து வழக்கமான உரத்த குரலில் ஆரம்பித்தாள்.

“உங்ககிட்ட இருக்கிற திட்டத்தில் நான்காம் பக்கம் தவறு. திருத்தின பக்கம் கொண்டுவந்திருக்கேன். முதல்ல எது தவறுன்னு சொல்லிடறேன்.”

வெங்கடரமணன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கூட்டம் முடியும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் குடத்தை எண்ணியதையும், கையைப் பார்க்காததையும், கடைசியில் நின்ற குடம் முதலில் வந்தவளுடையது என்பதையும் சொன்னாள். இனி குடத்தை எண்ணப்போவதில்லை, வரிசைக்குள் நின்று யார் யாருக்காகப் பிடிக்கிறார்கள் என்று பார்க்கப்போகிறேன் என்றாள்.

“வரிசைக்குள் எப்படி நிற்பீர்கள்? உங்களை விடுவார்களா?” என்று கேட்டார் கைசர் ஜஹான்.

“சும்மா நின்னா விடமாட்டாங்க மேடம். கையில் குடம் இருக்கணும். கடைசியில் வெச்சுட்டு நிப்பேன்.”

பக்கத்திலிருந்த ஒருவர் சிரித்தார். கைசர் ஜஹான் சிரிக்கவில்லை.

“அந்தப் பெண் உங்கள் வீட்டிலும் வேலை செய்கிறாரா?”

முத்துலட்சுமி பதில் சொல்லத் தாமதித்து நான் அன்றுதான் பார்த்தேன். “ஆமா மேடம். முன்னால நின்ன குடங்கள் எங்க வீட்டுது.”

“தெரிந்தபின் என்ன செய்தீர்கள்?”

“எங்க குடத்தை நான் எடுத்துட்டேன். நானே வரிசையில் நின்னு பிடிக்கறேன். மத்த மூணு வீட்டிலேயும் போய்ப் பேசினேன். ரெண்டு வீட்டில் தாங்களே பிடிக்க ஒத்துக்கிட்டாங்க. எங்கம்மா என்கிட்ட பேசறதில்லை.”

“அப்படியானால் உங்கள் களத்தை நீங்களே கலைத்துவிட்டீர்கள். ஆய்வாளர் செய்யக்கூடாத காரியம் அது. உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும் மேடம். அதனால்தான் எங்க சந்து இப்போ ஆய்வில் இல்லை. ஆறாம் பக்கத்தில் மாத்தியிருக்கேன். மயிலாப்பூரில் ஒரு தெரு. அந்தத் தெருவில் எனக்கு யாரையும் தெரியாது.”

கைசர் ஜஹான் ஆறாம் பக்கத்தைப் புரட்டினார்.

“உங்களுடைய பலமான சான்றே அந்தச் சந்துதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து நிற்கிறீர்கள். ஐப்பசிவரை பேசாமல் இருந்திருந்தால் போதுமே.”

“அவ வெறுங்குடத்தோட போறதை ஐப்பசிவரைக்கும் எழுதிக்கிட்டு நிக்கணும். என்னால முடியாது மேடம்.” அவள் குரல் முதல் தடவையாக மெதுவாக வந்தது.

“மயிலாப்பூரிலும் இதே மாதிரி ஒருவர் இருப்பார். அப்போது?”

“அதையும் வரம்புகள்ங்கற பகுதியில் எழுதியிருக்கேன்.”

கைசர் ஜஹான் அந்தப் பகுதியைக் கண்டுபிடித்து வாய்விட்டுப் படித்தார். “‘ஆய்வாளர் தலையிட நேர்ந்தால், அந்த நாள் தலையீட்டு நாள் எனக் குறிக்கப்பட்டுக் கணக்கிலிருந்து விலக்கப்படும். தலையிடாமல் இருப்பேன் என்று ஆய்வாளர் உறுதி கூறவில்லை.’” படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “வரம்புகள் என்ற தலைப்பில் எல்லோரும் நேரமின்மை, நிதியின்மை என்று எழுதுவார்கள். உண்மையான வரம்பை எழுதிப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் முறை.” பேனாவைத் திறந்து அந்தப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். நான் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு அசட்டுத்தனமாக அழுதேன்.

முத்துலட்சுமி மயிலாப்பூர் தெருவில் மழைவரை நின்றாள். என் வீட்டுக் குடம் ஒன்றைத்தான் இரவல் வாங்கிக்கொண்டு போனாள், இன்றுவரை திருப்பித் தரவில்லை. ஆய்வேடு பெரிதாகப் பாராட்டப்பட்டது. அதில் எந்த இடத்திலும் புஷ்பம் கிடையாது. இருக்கவும் கூடாது, அதுதான் குழுவுக்கு முத்துலட்சுமி கொடுத்த வாக்கு. அவள் இப்போது வேறொரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், சத்தம் நாலு வகுப்புக்குக் கேட்குமாம்.

அந்த ஆவணியில் ஒரு காலை, அவளைக் கையோடு கல்லூரிக்கு அழைத்துப்போகத் தியாகராய நகருக்குப் போயிருந்தேன். அவள் ஏற்கெனவே மயிலாப்பூருக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். சந்தில் லாரி நின்றது. வீட்டுக் குடத்தை யார் பிடிப்பது என்ற பிரச்சினையில், மகளோடு பேசாத அவள் அம்மாவே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவை நிற்கிறவரின் கடுகடுப்பு முகமெல்லாம் இருந்தது. அவருக்குப் பின்னால் புஷ்பம் வெளிறிய பச்சைக் குடங்களோடு ஒதுங்கி நின்றாள்.

“அங்க என்னட்டி ஒளியுத?” என்று அந்த அம்மா அதட்டினார். “உன் குடத்தைக் கொண்டாந்து எனக்கு முன்னால வையி. எம் மவ மயிலாப்பூர்ல இருந்தாலும் தெரிஞ்சுக்கிடுவா. தெரிஞ்சா எழுதிருவா.”

புஷ்பம் தயங்கித் தயங்கி முன்னால் வந்து, குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.