கடற்சுடருக்கு ஒரு பாடு

வான்காரன் மஹ்ரூப்புக்கு எங்கள் கடற்சுடர் விளையாட்டுக் கழகம் பத்தொன்பதாயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தது. 1998ஆம் ஆண்டு அது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு வருடமாக எங்கள் பிள்ளைகளைப் போட்டிகளுக்கு ஏற்றி இறக்கிய கூலி. எங்கள் ஊர் சல்லியிலிருந்து திருகோணமலை டவுன் மைதானம் சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் யுத்த காலத்தில் பதினொரு இளந்தாரிகள் கூட்டமாகச் சைக்கிள் மிதித்துப் போனால், ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற முதல் சென்றியிலேயே அன்றைய ஆட்டம் முடிந்துவிடும். மஹ்ரூப்பின் வானைச் சென்றிகளில் நிற்பவர்களுக்கெல்லாம் தெரியும். கூலியைக் கழகம் பிறகு பிறகு என்றது. அவனும் ஓம் ஓம் என்றான். அப்படி ஏறிய கடன்.

நான் இராசதுரை, கரைவலைச் சம்மாட்டி. மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைக் காணவில்லை. பத்து வயதில் பிறத்தியாரின் வலையில் கயிறு சுற்றிப் போட்டேன். பதினைந்தில் கயிறு இழுத்தேன். முப்பத்தாறு வயதில் சொந்த வலை, சொந்தத் தோணி, என்னிடம் பங்குக்கு இழுக்கிற ஆட்கள் இருபத்து நாலு பேர். எவரும் தூக்கி விடவில்லை. என் கை காய்ப்பைப் பார்த்தால் தெரியும்.

கழகத்துக்குப் பெயர் வைத்தவனும் நான்தான். நீலமும் வெள்ளையும் என்று நிறம் சொன்னவனும் நான்தான். முதல் ஐந்து வருடம் கோல் காத்தேன். அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது வீடுகளுக்குக் கூரை இல்லை, மைதானத்தில் கோல்கம்பம் இல்லை. கூரையைப் பிறகு பார்ப்போம் என்று முதலில் கம்பத்தை நட்டோம். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லி ஏசுவாள். ஏசட்டும். அந்தக் கம்பத்தைப் பார்த்துத்தான் ஊர் திரும்பிவிட்டது என்று மற்றச் சனமும் வந்து சேர்ந்தது.

அந்த வருடம் வைகாசியில் வாசிகசாலையில் கூட்டம். மஹ்ரூப் தானே வந்திருந்தான்.

"அண்ணன், வான் புகை தள்ளுது. இஞ்சினைச் செய்யாட்டி நடுரோட்டில நிண்டிடும். ஆவணி முடியிறதுக்குள்ள காசு தந்தா உதவி. நான் லீக்குக்குப் போய் முறைப்பாடு வைக்க மாட்டன். உங்கட பிள்ளையளை எனக்குத் தெரியும்தானே."

அவன் அப்படிச் சொன்னதுதான் எனக்குக் கூடச் சுட்டது. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம்.

கழகச் செயலாளர் யோகலிங்கம் எழும்பினான். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், நேர்மையான பிள்ளை. டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் பாக்கியரத்தினம் முழுக் கடனையும் கட்டுவாராம், எல்லோருக்கும் பூட்ஸும் வாங்கித் தருவாராம். பதிலுக்குக் கழகம் அவருடைய கடையின் பெயரில் விளையாட வேண்டும். ஜேர்சி மஞ்சள். பயிற்சியும் டவுனில்.

"அப்ப சல்லி எங்க தம்பி இருக்கும்?" என்று கேட்டேன்.

"சம்மாட்டியார், கோவிக்காதேங்கோ. ஒவ்வொரு வருசமும் ரெண்டு பேர் வெளிநாடு போறாங்கள். கையில ஒரு சதம் இல்லை. பெரிய ஆள் ஒருத்தரின்ர பிடி இல்லாம இனி ஒரு கழகமும் நிக்க ஏலாது. பேர் சோறு போடுமோ?"

"பேர் சோறு போடாது. ஆனா சோறு தின்னுறவனுக்கு ஒரு பேர் இருக்கோணும்."

சனம் சிரித்தது. யோகலிங்கம் சிரிக்கவில்லை. அவன் சொன்னதில் பிழை இல்லை என்று எனக்கும் தெரியும். கழகத்தின் தகரப் பெட்டியில் அன்றைக்கு இருந்தது ஒரு விசிலும் பந்துக்குக் காற்றடிக்கிற ஊசியும்தான். பகிடியால் கடன் அடையாது.

அப்போதுதான் நான் எழும்பி அந்தச் சொல்லைச் சொன்னேன்: கழகப் பாடு.

கரைவலையை ஒருமுறை கடலில் வளைத்து இழுத்துக் கரை சேர்ப்பதைப் பாடு என்போம். விடிந்ததும் ஒரு பாடு இழுப்போம். வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும், ஆகவே இரண்டாம் பாடு இழுப்பவர்கள் குறைவு. இராத்திரியில் வலை போட நேவி விடாது. "அந்த ரெண்டாம் பாடு இனிக் கழகத்துக்கு" என்றேன். "வலை என்ர, தோணி என்ர. எனக்கு ஒரு சதமும் வேண்டாம். ஆட்டக்காரர் இழுக்கட்டும். வாறது முழுக்க மஹ்ரூப்புக்கு."

ஆட்டக்காரரில் ஒன்பது பேர் எப்படியும் என் வலையில் இழுக்கிறவர்கள். மற்ற இரண்டு பேரும் வந்தார்கள். கோல் காக்கிற பிள்ளை டவுனில் தையல்கடையில் வேலை செய்கிறவன். முதல் நாளே உள்ளங்கை உரிந்து, "சம்மாட்டியார், பந்தைப் பிடிக்கக் கையை விட்டு வையுங்கோ" என்று அழாத குறை. ஆனால் மணலில் குதி ஊன்றி இழுத்த கால்கள் வேறு கால்கள். அந்த வருடம் எங்கள் பிள்ளைகளை இடித்து விழுத்த ஒரு கழகத்தாலும் முடியவில்லை. பயிற்சியாளர் இல்லாத குறையை என் வலை தீர்த்தது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மீன்தான் மனம் வைக்கவில்லை. ஒருநாள் ஒரு கூடை சூடை மீன். ஒருநாள் வெறும் பாசி. ஆவணி பிறந்தபோது சேர்ந்திருந்தது பதினோராயிரம். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருக்கையில் எனக்கே யோசனை வரும். இந்தக் கடனை அடைத்தாலும் அடுத்த வருடம் வான் ஏறக் காசு எங்கே? நான் பெயரைப் பிடித்துக்கொண்டு கழகத்தைக் கடலில் விடுகிறேனோ? இந்த யோசனையை ஒருவரிடமும் சொல்லவில்லை. சம்மாட்டி பயந்தால் கயிறு தொய்யும்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. பின்னேரம் நாலு மணிக்கு டவுனில் லீக் போட்டி. போகாவிட்டால் லீக்கிலிருந்து வெட்டிவிடுவார்கள். சென்றிகளில் இறங்கி ஏறவே நேரம் போகும் என்பதால் ஒன்றரைக்கு வான் புறப்பட வேண்டும். அன்றைக்குக் கழகப் பாடு வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பதினொரு மணியளவில் கடலைப் பார்த்தேன். கரைக்குக் கிட்டத் தண்ணீர் ஒரு வீட்டு வளவு அளவுக்குக் கறுத்திருந்தது. கறுப்பு அசைந்தது. முப்பது வருடம் கடல் பார்த்த கண் இது. பாரை மீன் கூட்டம்.

"தோணியைத் தள்ளுங்கோடா!" என்று கத்தினேன்.

வலை வளைத்தாயிற்று. இரண்டு கயிறும் கரையில். ஆட்டக்காரர் இழுக்கத் தொடங்கினார்கள். பாதிகூட வரவில்லை, மேலே ரோட்டில் மஹ்ரூப்பின் ஹோன் சத்தம். யோகலிங்கம் மணலில் ஓடி வந்தான்.

"சம்மாட்டியார், இப்ப வெளிக்கிடாட்டி மைதானத்துக்குப் போய்ச் சேர ஏலாது!"

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். மீன் போனால் கடன் நிற்கும். போட்டி போனால் கழகமே இல்லை, பிறகு எந்தக் கடனை யாருக்காக அடைப்பது?

"போங்கோடா" என்றேன். "வென்று வாங்கோ. வலையை நான் பாக்கிறன்."

வீரமாகச் சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கயிற்றில் நானும் நாலைந்து வயதுபோனவர்களும். மற்ற ஆட்கள் காலைப் பங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். வலை திரும்பக் கடலுக்குப் போகத் தொடங்கியது.

கொஞ்சம் தள்ளிக் கருவாடு காயவைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்குள் என் மனைவியின் தங்கை குணேஸ்வரியும். எங்கள் கரையில் பெண்கள் கரைவலைக் கயிற்றைத் தொடுவதில்லை, தாண்டுவதுமில்லை. நானே அதில் கண்டிப்பானவன்.

"மச்சாள்! எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஓடி வா! கயிற்றைப் பிடி!"

அவள் ஓடி வரவில்லை. நடந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஆரை அத்தான் கூப்பிடுறியள்? நாங்கள் கயிற்றைத் தாண்டினா மீன் ஓடிடும் எண்டு போன கிழமையும் ஏசினீங்கள்."

"ஏசினனான்தான். இப்ப பிடி."

"பங்கு?"

"கழகப் பாடு. ஒருத்தருக்கும் பங்கில்லை."

"அப்ப எங்களைக் கழகத்தில சேருங்கோ. மெம்பரா."

"கழகத்தில பொம்பிளையளோ?"

"கோல் விழேக்க தொண்டை கிழியக் கத்திறது ஆர்? நீங்களோ?"

கயிறு என் கையில் இன்னும் ஒரு முழம் வழுக்கியது.

"சரி, மெம்பர்! பிடி!"

"காசுப் பெட்டியும் என்னட்டை. நான் இவ்வளவு காலமும் கருவாடு விக்கிறன், ஒரு சதம் கடன் பட்டதுமில்லை, விட்டதுமில்லை. நீங்கள் ஆம்பிளையள் பட்டுக் காட்டினது காணும்."

"தந்தன், தாயே! பிடி!"

பிடித்தார்கள். இழுக்கிறபோது ஆண்கள் பாடும் அம்பா அவர்களுக்கு வராது. அதற்குப் பதிலாக மைதானத்தில் கத்துவதுபோல ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு ஆட்டக்காரனின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பதினொரு பெயரும் முடிய மறுபடி கோல் காக்கிறவனிலிருந்து. கரையே அதிர்ந்தது. வீட்டிலிருந்து ஓடி வந்த ஆண்கள் வாயைப் பிளந்து நின்று, பிறகு வெட்கப்பட்டு அவர்களும் பிடித்தார்கள். வலையின் மடி மணலில் ஏறியபோது உள்ளே வெள்ளியாகத் துடித்தது அத்தனையும் பாரை.

ஏலம் கூறுவதற்கும் குணேஸ்வரியே நின்றாள். லொறிக்காரன் பத்தாயிரம் என்றான். சென்றிகளில் மீனை இறக்கி ஏற்ற வேண்டும், ஐஸ் கரையும் என்றெல்லாம் காரணம் சொன்னான்.

"ஐஸ் கரையும் எண்டா நிண்டு கதைக்காமக் காசை எடும்" என்றாள். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு எடுத்தான்.

பொழுதுபடும் நேரம் பிள்ளைகள் வந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று, சமம். வெல்லவில்லை என்று தலை குனிந்து இறங்கினார்கள். நான் மீன் விற்ற காசைக் காட்டினேன். தையல்கடைக் கோல்காரன் மணலில் குப்புற விழுந்து சிரித்தான்.

ஒரு பெண்ணிடம் இராசதுரை தோற்றுவிட்டான் என்று சிலர் இன்றைக்கும் சொல்வார்கள். அவர்களுக்கு விளங்காது. நல்ல ஆளைக் கண்ட இடத்தில் பிடித்துப் பொறுப்புக் கொடுக்கத் தெரிந்தவன்தான் சம்மாட்டி. படித்த கழகங்கள் எல்லாம் பொருளாளரைக் கூட்டம் வைத்துத் தேடின. நான் கயிறு வழுக்குகிற நேரத்தில் தேடி எடுத்தேன். அவள் பெட்டியைப் பிடித்தபின் கழகம் ஒரு சதம் கடன் படவில்லை. வான் ஏறுகிறவன் முதலில் காசு வைத்துவிட்டுத்தான் ஏறுவான்.

அடுத்த ஞாயிறு வாசிகசாலையில் கூட்டம். பாக்கியரத்தினமும் வந்திருந்தார். நல்ல மனிசன். விஷயம் கேட்டு, "இராசதுரை அண்ணை, அப்ப எங்கட கடைப் பேர் வேண்டாமாக்கும்" என்றார்.

நான் வாய் திறக்குமுன் புதுப் பொருளாளர் பதில் சொன்னாள்.

"கழகத்துக்கு வேண்டாம் ஐயா. ரெண்டு பந்து வாங்கித் தாங்கோ. அதில கடைப் பேரைப் பெரிசா எழுதுறம். ஊரெல்லாம் பாக்கப் பெடியள் உதைப்பாங்கள்."

பாக்கியரத்தினம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுநாளே பந்து வந்தது. அந்தப் பகிடிக்குத்தான் யோகலிங்கம் முதல் தடவையாகச் சிரித்ததைப் பார்த்தேன். பிறகு அவனே போய் இன்னும் மூன்று கடைகளில் இதே கதை சொல்லிக் கோல்கம்பத்துக்கு வலையும் விசிலும் வாங்கி வந்தான்.

மஹ்ரூப் கதிரையில் கூச்சத்தோடு இருந்தான். குணேஸ்வரி சேலைத் தலைப்பில் முடிந்திருந்த கட்டை அவிழ்த்தாள். தாள்களில் கருவாட்டு மணம்.

"எண்ண வேண்டாம் அக்கா. நம்பிக்கைதானே" என்றான் அவன்.

"நம்பி நம்பித்தானே தம்பி இவ்வளவு ஏறினது. கையை நீட்டுங்கோ."

அவன் நீட்டினான். அவள் சத்தமாக எண்ணினாள். ஆயிரம் ஆயிரமாகப் பத்தொன்பது வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தாள், நான் ஓம் என்று தலையாட்டினேன். பிறகு இரண்டு நூறு ரூபாய்த் தாள்களைத் தனியாக எடுத்து, மடிப்பை நீவி, ஒன்றின்மேல் ஒன்றாக மஹ்ரூப்பின் உள்ளங்கையில் வைத்தாள்.