ஓரத்தில் எழுதிய புகார்

லஸ் நடைபாதைக் கடையில் ஒரு பழைய புத்தகத்தைப் பிரித்ததும், அந்துருண்டை வாசனை என்னை நேராகச் சித்தி வீட்டுத் தெருவிலிருந்த லெண்டிங் லைப்ரரிக்குக் கொண்டுபோய்விட்டது. இன்று அங்கே செல்போன் கடை. அன்று அலமாரிகளுக்கு நடுவே பக்கவாட்டில்தான் நுழையலாம். மேலே கடகடவென்று ஆடும் மின்விசிறி, உட்கார்ந்து படிக்க ஒரு மரப்பெட்டி, படித்ததையே மறுபடி எடுத்துவிடாமலிருக்க ஒவ்வொரு வீட்டாரும் முதல் பக்கத்தில் பென்சிலால் போட்டுவைக்கும் அடையாளம். சித்தி வீட்டுக்கு நட்சத்திரம்.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த எனக்கு அங்கேதான் அந்த நாவல் கிடைத்தது. முதல் அத்தியாயத்திலேயே, அத்தை வீட்டில் திட்டும் அடியுமாக வளரும் ஓர் அநாதைச் சிறுமி. அப்பாவும் அம்மாவும் ராயப்பேட்டையில் சௌக்கியமாக இருந்தும், நான் அவளாகவே மாறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரத்தில் எழுதினேன்: "என் சித்தியும் இப்படித்தான்."

அதே லைப்ரரி கார்டில்தான் சித்தியும் புத்தகம் எடுப்பாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவளும் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது என் கையிலிருந்தது அதே நாவல், அதே நட்சத்திரம். என் வரிக்குக் கீழே சித்தியின் உருண்டைக் கையெழுத்து: "அப்போ தினம் உனக்கு மட்டும் முறுகலா மூணாவது தோசை வாத்துப் போடறது யாருடி?"

"இன்னா மேடம், தனியா சிரிச்சிக்கினு கீறீங்க?" என்றார் கடைக்காரர்.

"பென்சில் இருக்கா?" என்றேன்.