காரில் கேட்ட ஸலாம்

எங்கள் பழைய காரில் ரேடியோ இருந்தது. ஆனால் எந்த நிலையத்தைப் பிடித்தாலும் மீன் பொரிக்கிற சத்தம்தான். யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டு ரேடியோ, டீவி வந்த அன்றே மூலைக்குப் போய்ச் செத்துவிட்டது. கார் ரேடியோ மாதக்கணக்காக இரைந்தும் நான் அதைக் கணக்கெடுக்கவில்லை.

கொழும்பில் தங்கை வீட்டுக்குப் போய்வந்த என் மனைவி, ஒரு பின்னேரம் தேத்தண்ணியை வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள். ரேடியோவின் பெண்கள் நிகழ்ச்சிக்கு ஒரு பேச்சு எழுதி அனுப்பியிருக்கிறாள். நிலையத்துக்காரர்கள் அங்கே கூப்பிட்டு, அவள் குரலிலேயே ஒலிப்பதிவும் செய்துவிட்டார்களாம்.

"வார வெள்ளி பத்தரைக்குப் போடுவாங்களாம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க, வெக்கமா இருக்கு. கார்ல நாங்க ரெண்டு பேரும் மட்டும் கேப்பம்."

"என்ன பேசின?"

"ரேடியோவில கேளுங்களேன்."

வெள்ளிக்கு ஆறு நாள் இருந்தது. சிகரட் லைட்டரில் சொருகியிருந்த போன் சார்ஜரைப் பிடுங்கினேன். இரைச்சல் போகவில்லை. எஞ்சினை நிறுத்தினேன். அப்போதும் போகவில்லை. மாம்புரிப் பக்கம் கரண்ட் எடுக்க நட்டிருக்கும் பெரிய காற்றாடிகள்தான் காரணம் என்று பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். காற்றாடியே இல்லாத பாலாவி வரை ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் அதே பொரியல்தான். எரிச்சலில் செட்டின் தலையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். கைதான் வீங்கியது.

கற்பிட்டியில் ரேடியோ திருத்துகிறவர் வேறொரு செட்டைப் பூட்டிப் பார்த்தார். ஏரியல் கம்பியை மாற்றினார். பிறகு காரின் முன்பக்கத்தில் கம்பி நிற்கும் இடத்தைத் தட்டிக் காட்டி, அண்ணனைக் கூப்பிடுவது போலக் கேட்டார்.

"நானா, இந்த அடியையும் ஒருக்காக் கழட்டிப் பாப்பமா?"

"அது நானே என்ட கையால பூட்டினது. அதுல ஒண்டும் இல்ல," என்றேன். சொன்ன தோரணையில் அவர் மறுபடி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே எங்கள் சொந்தக்காரர் கண்ணில் படாத ஒரு தென்னந்தோட்டத்து ஓரமாகக் காரை நிறுத்தினேன். மனைவி பெருநாளைக்கு உடுக்கிற உடுப்பில் வந்திருந்தாள். பத்தரை ஆனது. இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல் எழும்பி அமிழ்ந்தது.

"நான்தான்," என்றாள்.

ஒரு சொல்கூட விளங்கவில்லை. இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினேன். ஏரியலைப் பிடித்து ஆட்டினேன். விரலில் கறுப்பாகக் கிறீஸ் ஒட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் கரையில் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் சோழகம் வீச முந்தி வாகனத்தின் நட்டு, ஆணி எல்லாவற்றிலும் கிறீஸை அப்புவோம். நான் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரன் அல்லவா? ஏரியலின் அடியைக் கழற்றிக் கிறீஸ் நிரப்பி, அதற்குக் கீழே சைக்கிள் டியூபில் வட்டமாக ஒரு துண்டும் வெட்டி வைத்திருந்தேன். ஏரியலின் அடி காரின் தகட்டைத் தொட்டால்தான் ரேடியோ ஒழுங்காக இழுக்கும். நான் தொடவே விடவில்லை.

டிக்கியிலிருந்து ஸ்பேனரையும் கத்தியையும் எடுத்து ஓடிவந்தேன். நட்டு வழுக்கியது. டியூப் துண்டைப் பிய்த்து எறிந்து, உடுத்திருந்த சாரத்தால் கிறீஸைத் துடைத்து, கத்தியால் தகடு பளிச்சிடும் வரை சுரண்டினேன். திரும்பப் பூட்டி இறுக்கினேன்.

இரைச்சல் நின்றது. திறந்திருந்த ஜன்னல் வழியாக, பக்கத்தில் இருந்து பேசுவது போல என் மனைவியின் குரல் துப்புரவாகக் கேட்டது.

"...அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு."

"வஅலைக்குமுஸ் ஸலாம்," என்று என் வாய் தானாகப் பதில் சொன்னது. அடுத்து ஒரு விளம்பரம் போனது.

பேச்சு முடிந்துவிட்டது. கிறீஸ் கையோடு கதவைத் திறந்தேன். என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"எழுதின கடதாசி இருக்குத்தானே? வீட்ட போய் வாசிச்சுக் காட்டு."

"அத அங்கயே குடுத்துட்டு வந்திட்டன்," என்றாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "உங்களப் பத்தியும் கொஞ்சம் சொல்லியிருந்தன்."

"என்ன சொன்ன?"

"ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். ஆரிட்டயும் கேட்டுப் பாருங்க."

இன்றுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை.