சூடு வெளியேறும் வழி

"நாலாம் ஆண்டு படிக்கிற புள்ள, செவுத்துல ஓட்ட போடச் சொல்லுது. மெஷினப் பத்தி உனக்கு என்னா தெரியும்லா?" என்று மாமா, பத்து வயதுப் பெண்ணான என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஈப்போவில் எங்கள் வாடகை வீட்டிலேயே அம்மா துணி துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மழை மாதங்களில் பள்ளிச் சீருடைகளும் போர்வைகளும் காயாமல் வாடை பிடித்தன. அம்மாவின் தம்பியான மாமா, தாப்பாவில் மூடிய ஒரு டோபிக் கடையிலிருந்து, கேஸில் ஓடும் துணி உலர்த்தும் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதன் முதுகில் தும்பிக்கை போல ஒரு குழாய்.

அந்தக் குழாயை எங்கே விடுவது என்பதில்தான் அப்பா தன் அனுபவத்தைக் காட்டினார். அவர் வேலை பார்த்த தோட்டம் அழிக்கப்படும்வரை, சுங்கை சிப்புட் பக்கத்தில் ரப்பர் தகடுகளைக் காயவைக்கும் புகைக்கூடம் அவர் பொறுப்பில் இருந்தது. கதவிடுக்கில் கொஞ்சம் சூடு கசிந்தாலும் அவருக்குத் திட்டு விழும். அப்படிப்பட்டவருக்குச் சூடான காற்றைத் தெருவுக்கு அனுப்பப் பாவமாக இருந்தது. பின்னறைச் சன்னலைப் பலகையால் அடைத்தார். குறுக்கே கயிறு கட்டி, மெஷினுக்குள் நுழையாத கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, குழாயின் வாயை அவற்றின் கீழே திருப்பி வைத்தார். போர்வைகள் நன்றாகவே காய்ந்தன. "பாத்தியா மச்சான், ஒரே கேஸு, ரெண்டு வேல" என்று மாமாவிடம் பெருமைப்பட்டார். புகைக்கூடத்துக்குள் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை என்பது மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை.

அந்த அறையில்தான் அம்மா துணி மடித்தாள். நான் வீட்டுப்பாடம் எழுதினேன். வெளியே மழை, உள்ளே கதகதப்பு. ஆனால் கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். பித்தம் என்றாள் அம்மா. கண்ணூறு என்று அப்பா மிளகாய் சுற்றிப் போட்டார். வீட்டின் பின்சந்தில் போய் நின்றால் வலி விடுகிறது, அறைக்குள் வந்தால் பிடித்துக்கொள்கிறது, மெஷின் ஓடாத நாளில் வலியே இல்லை. இதைக் கவனித்தது நான்தான் என்று இன்றும் சொல்லிக்கொள்வேன். "செவுத்துல ஓட்ட போட்டு, கொழாய வெளிய உடலாம்பா" என்றேன். அப்போதுதான் மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"செவுத்த ஒடச்சா வீட்டுக்காரத் தவுக்கே சும்மா உடுவாரா? சூடு வேற வீணாப் போவும்" என்றார்.

அடுத்த மழைநாளில், காய்ந்த துணிக்குவியலின் மேல் நான் தூங்கிப்போனேன். தூக்கம் என்றுதான் நினைத்தேன். கண் விழித்தபோது பின்சந்தில், மழையில் கிடந்தேன். அம்மா சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த அப்பாதான் எங்களை வெளியே இழுத்துப் போட்டிருந்தார். "கண்ணத் தொற ஆயி, கண்ணத் தொற" என்று என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். மருத்துவமனையில் எங்களுக்குச் சொன்னார்கள்: அடைத்த அறையில் கேஸ் எரிந்து சேரும் நச்சுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

வீடு திரும்பியதும் அப்பா தவுக்கேயைக் கேட்கவில்லை. உளியும் சுத்தியலுமாகச் சுவரை உடைத்து, தகரக் குழாய் ஒன்றை வளைவில்லாமல் சந்துக்கு விட்டார். சன்னல் பலகையையும் பிடுங்கி எறிந்தார். மாமா செங்கல் துண்டுகளை அள்ளியபடி என்னைப் பார்த்து, "வாத்தியாரம்மா சொன்னா சரியாத்தான்லா இருக்கு" என்றார். மெஷினுக்குள் துணிப்பஞ்சு சேரும் வலையை ஒவ்வொரு முறையும் துடைப்பது என் வேலையாயிற்று.

அதன்பிறகு மெஷின் ஓடும்போதெல்லாம் அப்பா சந்துக்குப் போய், குழாயின் வாய்க்கெதிரே உள்ளங்கையை விரித்து நிற்பார். போகிற சூட்டை நினைத்து ஏங்குகிறார் என்றே நினைத்தேன். "வீணாப் போவுதேன்னு பாக்கறியாப்பா?" என்று கிண்டல் செய்வேன். அவர் கையைக் குழாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோவார்.

எங்கள் குடும்பத்தில் தொடக்கப்பள்ளியின் ஆறாம் ஆண்டைத் தாண்டிய முதல் ஆள் நான். தொழிற்கல்லூரியில் கேஸ் பொருத்தும் வேலையைப் படித்தேன். குழாயில் பஞ்சு அடைத்தால் நச்சுக்காற்று வீட்டுக்குள்ளேயே திரும்பும், வெளியே காற்று வேகமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒருநாள் பாடம் வந்தது. அந்தக் கை எதற்காக நின்றது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

போன வாரம் சுங்காயில் ஒரு வீட்டில், நான் தனியாக ஏற்றுக்கொண்ட முதல் வேலை. சுவரைத் துளைத்து, குழாயைப் பொருத்தி, மெஷினை ஓடவிட்டேன். வீட்டுக்கார அக்கா உள்ளே துணி காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய், குழாயின் வாய்க்கெதிரே உள்ளங்கையை விரித்து நின்றேன்.