பழனியாண்டியின் ஒட்டுப் பேரி

இலங்கை மலையகத்தில், டயகமவுக்கு மேலே, மூடுபனி காலையில் வந்து சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுப் போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழனியாண்டிக்கும் அவர் மனைவி நாகலெட்சுமிக்கும் ஒரு பண்ணை உண்டு. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால், கக்கூசுக்கும் தண்ணி ஓடுகிற கானுக்கும் நடுவே. அதன் நீளத்தைப் பற்றிப் பழனியாண்டி நிறையப் பேசுவார். அகலத்தைக் கேட்டால் இருமல் வந்துவிடும்.

இந்த ராஜ்ஜியத்தில் இலாகாக்கள் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தன. லீக்ஸ், கோவா, போஞ்சி என்று காய்கறி எல்லாம் நாகலெட்சுமிக்கு. கைத்தொழிலும் அவளுக்கே: மரத்தக்காளி ஜாம், இஞ்சி பியர், பழைய சேலையைக் கிழித்துப் பின்னிய கால்மிதி. மரமாகும் உத்தேசமுள்ள அனைத்தும் பழனியாண்டிக்கு.

அவர் தோட்டத்தில் கவ்வாத்துக்காரராக இருந்தவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கூட வளரவிடாமல் வெட்டி நிறுத்துவதே ஆயுள் முழுக்க அவருக்கு வேலை. ஓய்வு பெற்றதும் மரங்களை ஒட்டவைக்கப் புறப்பட்டார். "வெட்டுன பாவத்தைக் கழுவுறாரு போல" என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்காயி. நாகலெட்சுமி கொழுந்து பறித்தவள். போன தைப்பொங்கலோடு அவளும் வேலையிலிருந்து நின்றுவிட்டாள்.

ஒட்டுக் கலையைப் பழனியாண்டி ஃபோனில் ஒரு வீடியோ பார்த்துப் படித்தார். பேசியவர் எந்த நாட்டுக்காரர் என்பது கடைசி வரை தெரியவில்லை. கை பேசியது புரிந்தது, அது போதும்.

விஷயம் என்னவென்றால், தோட்டத் துரை இருந்த பெரிய பங்களா வாசலில் ஒரு பேரிமரம் நின்றது. அதன் பழம் வாயில் வெண்ணெயாகக் கரையும். பங்களா சுற்றுலா விடுதியானது. வேன் நிறுத்த இடம் போதவில்லை என்று மரத்தை வெட்டினார்கள். வெட்டிய அன்றே பழனியாண்டி ஒரு கை நிறையக் குச்சி கொண்டுவந்தார். கல்லு மாதிரி காய்க்கிற நாட்டுப் பேரிக் கன்றுகளின் தலையைச் சீவி, அந்தக் குச்சிகளைச் செருகி, சொப்பிங் பையைக் கிழித்துக் கட்டினார். ஒன்றே ஒன்று பிடித்தது. மற்றதெல்லாம் அடுப்புக்குப் போயிற்று.

ஆக, அவ்வளவு பெரிய மரம் இப்போது ஒரு விரல் நீளக் குச்சியாக, மூன்று கண்களோடு, கக்கூசுக்குப் பக்கத்தில் உயிர் வாழ்ந்தது. "இது போச்சுன்னா அந்தப் பழமே போச்சு" என்று பாண் ரொட்டி விற்க வரும் த்ரீவீல்காரரிடம் கூட அவர் எச்சரித்து வைத்தார்.

மழைக்குப் பிறகு முதல் கண் வெடித்துத் துளிர் வந்தது. இரண்டு இலை விரிந்த மறுநாள் துளிரைக் காணவில்லை. நின்ற காம்பும் கறுத்துப் பட்டுப்போனது.

"ராக்காயி! ஒன் ஆட்டைக் கட்டிப் போடு!"

"கட்டித்தாண்ணே கெடக்கு."

"அப்ப கொழுந்த யாரு தின்னா?"

"ஆடு தின்னா குச்சிய விட்டு வைக்குமா? நீங்க சுத்துன சொப்பிங் பையையும் சேத்துல்ல முழுங்கியிருக்கும்!"

வாதம் பலமாக இருந்ததால் பழனியாண்டி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இடுப்பு உயரத்துக்கு உரச்சாக்கு வேலி கட்டினார். நத்தைக்கும் வாய்ப்புக் கொடுக்கக் கூடாதென்று சுற்றிலும் சாம்பல் போட்டார். இரண்டாவது கண் துளிர்த்தது. அதுவும் போயிற்று.

இம்முறை அவர் குனிந்து விசாரணை நடத்தினார். நகத்தால் ஒடித்த மாதிரி சுத்தமான வெட்டு. பறித்த துளிர் வேலிக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் வாடிக் கிடந்தது. தின்னவில்லை, வீசியிருக்கிறார்கள். அப்படியானால் இது மனுஷ வேலை. பொறாமை.

நாகலெட்சுமிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. லயத்துப் பக்கம் திரும்பி நின்று, "எவ கையா இருந்தாலும் சரி, அந்தக் கை வெளங்காமப் போகும்!" என்று சாபம் விட்டாள். ராக்காயி கதவைப் படாரென்று சாத்தினாள். குற்றவாளி மாட்டிக்கொண்டதாகவே பழனியாண்டிக்குத் தோன்றியது.

மிச்சம் இருந்தது ஒரே கண். அது துளிர்விட்ட அன்று அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு வேலிக்கு எதிரே உட்கார்ந்தார். நாகலெட்சுமி பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேலியோரம் நின்று பேச ஆரம்பித்தாள்.

"ஜாம் அடுப்புல கெடக்கு. சீனி பத்தாது போலங்க. கடையில கேட்டா…"

அவளுடைய கண் அவர்மேல் இருந்தது. வாய் சீனிமேல் இருந்தது. வலது கை மட்டும் தன் பாட்டுக்கு வேலியைத் தாண்டி இறங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துளிரைத் தேடிப் பிடித்தன.

பழனியாண்டி பிளேன்டீயை எறிந்துவிட்டுப் பாய்ந்தார்.

"கை! கை!"

"என்னாங்க, பாம்பா?"

"ஒன் கை, புள்ள!"

அவள் குனிந்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள். நகம் காம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அய்யோ, நானா? முதுகுல கூடை கூட இல்லியே!"

"கூடை இருக்கிற நெனப்புலதான் பின்னுக்கு வீசியிருக்கே."

"அப்ப போஞ்சிக் கொடி ஏறாம நிக்கிறதும்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "சாபம் வேற விட்டேனேங்க."

"மொதல்ல அத வாபஸ் வாங்கு."

கோப்பை விழுந்த சத்தம் கேட்டு ராக்காயி எட்டிப் பார்த்தாள். பட்டப்பகலில், கக்கூசுக்குப் பக்கத்தில், பழனியாண்டி மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னாண்ணே, இந்த வயசுல?"

உண்மையைச் சொன்னால் ஆடும் ராக்காயியும் ஒரே நாளில் விடுதலையாவார்கள். ஆனால் திருடி தன் வீட்டிலேயே இருந்தாள் என்று லயம் முழுக்கச் சிரிக்கும். பழனியாண்டி இரண்டையும் நிறுத்துப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டி கைதானே. நான் புடிக்காம ஒன் ஊட்டுக்காரரா வந்து புடிப்பாரு?"

ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டு, குடமும் எடுக்காமல், லயத்துப் பெண்கள் தண்ணி பிடிக்கும் பீலிப் பக்கம் போனாள். இந்தச் செய்திக்குக் குடம் தேவைப்படாது.

"விடுங்க, லயமே பேசும்."

"பேசட்டும். அது நாலு எலை விடுற வரைக்கும், இந்தப் பக்கம் வந்தா ஒன் வலது கை எங்கிட்டதான்."

"நல்ல சட்டம்!" என்றவள் மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தாள். "ஜாம் அடி புடிக்குதுங்க!"

அவள் ஓடினாள். கையை விடக் கூடாதென்பதால் அவரும் ஓடினார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதல்முறையாக அடுப்புக்கு முன்னால் போய் நின்றார். நாகலெட்சுமி இடது கையால் அகப்பையை எடுத்து அவர் முன் நீட்டினாள்.

"என் கையத்தான் நீங்க புடிச்சிருக்கீங்களே. கிண்டுங்க."