அக்கா கிளம்பிய நாளில் என் மூக்கு

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் சந்தில் என்னைவிட என் மூக்குக்குத்தான் மதிப்பு அதிகம். பெண் பார்க்கவோ கோர்ட்டு வழக்குக்கோ கிளம்புகிறவர்கள் முதலில் ராகு காலம் பார்ப்பார்கள். அடுத்து, வாசலில் நான் நிற்கிறேனா என்று பார்ப்பார்கள். நின்றால், "தம்பி, செத்த உள்ள போய்யா" என்று கெஞ்சுவார்கள். கிளம்பும் வேளையில் ஒற்றைத் தும்மல் விழுந்தால் காரியம் விளங்காது. உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும்.

குற்றம் என்னுடையதல்ல. அப்பாவுக்குப் பஞ்சு வியாபாரம். திருமங்கலத்துப் பக்கத்துக் கரிசல் காட்டில் வெடித்ததெல்லாம் பொதி பொதியாக மதுரையில் எங்கள் வீட்டு முன்கட்டில்தான் வந்து இறங்கும். பொதியைப் பிரித்தால் வீடு முழுக்கத் தூசி. அது மூக்குக்குள் போனால் தும்மல், நெஞ்சுக்குள் போனால் இளைப்பு. இளைப்பு வந்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். அம்மா அதைக் கேட்டுக் கண் கலங்குவாள். அக்காவோ காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னிக்கு ரெண்டு குட்டிடா" என்பாள்.

என் மூக்கை ஆண்டவள் அக்காதான். தண்ணீர் தெளிக்காமல் யாரையும் பெருக்க விடமாட்டாள். பொதி பிரிக்கும் நாளில் என்னை மாடிக்குத் துரத்திவிடுவாள். நொச்சி இலை போட்டு வெந்நீர் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கும்போது ஒரே போர்வைக்குள் அவளும் நுழைந்துகொள்வாள். தனியாக விட்டால் போர்வையைத் தூக்கிக் காற்று வாங்கும் யோக்கியன் நான் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் வெந்த இட்லிகள்போல வெளியே வருவோம்.

அக்காவுக்குக் கல்யாணமாகி, ரங்கூனில் அரிசிக் கடை வைத்திருந்த மச்சான் அவளை அழைத்துப்போக வந்தார். ரங்கூன் என்பது ஊருக்கு வெளியே இருக்கும் பசுமலையைவிடக் கொஞ்சம் தூரம், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடலாம் என்பது என் பூகோளம்.

திங்கட்கிழமை காலை வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. அக்கா வண்டிப் படியில் வலது காலை வைத்தாள். நான் தும்மினேன். ஒன்றே ஒன்று. இன்னொன்று வந்தால் இரட்டையாகித் தோஷம் கழிந்திருக்கும். அத்தனை பேரும் என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேளை கெட்ட வேளையில் சரம் சரமாகத் தும்முகிறவனுக்கு அன்றைக்கு இன்னொன்று வரவில்லை. எல்லோரும் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துத் திரும்புவதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த நல்ல நாள் புதன்கிழமை.

மச்சான் கோபப்படவில்லை. "மாப்ள, நீ கப்பலையே நிறுத்திருவ போலயே" என்று சிரித்தார். ஆனால் அடுப்படியில் அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இன்னொரு தடவ தட்டிப்போச்சுன்னா, பொண்ணு கால் வச்ச நேரம் சரியில்லன்னு அவுக வீட்டுல சொல்லிக்காட்டுவாக."

என் மூக்கால் அக்காவுக்குக் கெட்ட பெயரா? புதன்கிழமை உயிரே போனாலும் தும்முவதில்லை என்று முடிவெடுத்தேன். அக்காவுக்கோ அந்த இரண்டு நாளும் கால் தரையில் பாவவில்லை. எனக்குப் பணியாரம் சுட்டுத் தந்தாள். கூடவே ஓடிப்பிடித்து விளையாடினாள்.

புதன்கிழமை அம்மா என்னை மாடியில் அடைக்கப் பார்த்தாள். "அவன் வாசல்ல நின்னாத்தான் வண்டி ஏறுவேன்" என்று அக்கா ஒரே பிடிவாதமாக நின்றாள். ஆனால் அன்று பார்த்து, தண்ணீர் தெளிக்காமலே முன்கட்டைப் பெருக்கினாள். போதாததற்கு, கொண்டுபோகிற தலையணையை என் முகத்துக்கு நேராகப் பிடித்து நாலு தட்டுத் தட்டினாள். ஊருக்குப் போகும் அவசரத்தில் மறந்துவிட்டாள், போகட்டும் என்று நான் பெரிய மனதோடு மன்னித்தேன்.

வாசலுக்கு வந்தபோது மூக்குக்குள் எறும்புகள் ஊர ஆரம்பித்துவிட்டன. இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. நெஞ்சுக்குள் குட்டிகள் ஒரு குடும்பமாகவே கத்தின. அக்கா வண்டியில் ஏறாமல் என் முன்னால் வந்து குனிந்தாள்.

"என்னடா, மூக்கு ஒண்ணும் பண்ணலயா?"

தலையை இல்லை என்று ஆட்டினேன்.

"இம்புட்டுக்கூடவா?"

"இல்லக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

தும்மலை யோசித்துச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. மறுபடியும் தலையை ஆட்டினேன். "நேரமாச்சு" என்றார் மச்சான். அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

வண்டி நகர்ந்ததும் விரலை எடுத்தேன். பதினோரு தும்மல்.

உலக யுத்தம் வந்து ரங்கூன் தபால் நின்றுபோகும்வரை அவள் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் முதலில் விசாரித்தது என் மூக்கைத்தான். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, அவளும் வரவில்லை. இந்த வயதில் நான் எந்த இடத்திலும் தும்மலை அடக்குவதில்லை. நல்ல காரிய வீடுகளில் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? தும்மி முடித்ததும், ஜெயித்த பெருமையில் இளைக்க இளைக்க வண்டிக்குப் பின்னால் ஓடினேன். தெருமுனையில் பாரவண்டி ஒன்று மறித்ததால் குதிரை நின்றிருந்தது. அக்கா திரும்பிப் பார்த்து, கெட்டிக்காரன் என்று சொல்வாள் என்று காத்து நின்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சித் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், என் ஜலதோஷம் அக்காவுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டதே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.